சின்னக் காயம், பெரிய கூப்பாடு

முடி உதிர்வுக்காகத் தலையில் பி.ஆர்.பி. எனப்படும் தட்டணு செறிந்த பிளாஸ்மா ஊசி போட்டுக்கொண்டு கிளம்புகிறவர் கையில் ஒரு தாளைக் கொடுத்து அனுப்புவார்கள். இன்று தலைக்குக் குளிக்க வேண்டாம். இரண்டு மூன்று நாள் எண்ணெய் தேய்க்க வேண்டாம். ஒரு வாரம் டை அடிக்க வேண்டாம். வலித்தால் பாராசிட்டமால் மட்டும். வேறு வலி மாத்திரை கூடாது. ஜிம், நீச்சல், மது எல்லாவற்றையும் தள்ளி வைக்க வேண்டும். நெற்றி வீங்கினால் பயப்பட வேண்டாம். இவ்வளவும் இருக்கும்; ஏன் என்பது மட்டும் இருக்காது. காரணம் தெரியாத பத்தியத்தை யார்தான் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்கள்?

காரணங்களோ மிகச் சுவையானவை. ஊசி குத்தி முடித்ததும் வைத்தியம் முடிந்தது, இனி ஆற வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்துக்கொள்கிறோம். இந்தச் சிகிச்சையில் ஆறுவதே வைத்தியம். தலைத்தோலில் பெரிதாக ஏதோ அடிபட்டுவிட்டது என்று உடம்பை நம்பவைப்பதோடு மருத்துவரின் வேலை முடிந்துவிடுகிறது. மிச்சத்தை உடம்பு பார்த்துக்கொள்கிறது, அல்லது பார்த்துக்கொள்ளாமல் விட்டுவிடுகிறது.

நம்பவைக்கும் வேலையைச் செய்பவை இரத்தத் தட்டணுக்கள். தமிழ்நாட்டில் இவற்றுக்கு அறிமுகம் தேவையில்லை. மழைக்காலம் வந்தால் டெங்கு வார்டு வாசலில் நின்று, "பிளேட்லெட் இப்ப எவ்வளவு?" என்று கேட்காத குடும்பம் குறைவு. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நான்கரை லட்சம் வரை இருக்க வேண்டியவை அவை. எலும்பு மஜ்ஜையில் உள்ள ராட்சத செல்கள் தம் உடலிலிருந்து துண்டு துண்டாக உதிர்த்துவிடும் துணுக்குகள்தான் தட்டணுக்கள். குறுக்களவு 2 முதல் 3 மைக்ரான். சிவப்பணுவில் பாதிகூட இல்லை. நாளொன்றுக்குச் சுமார் பத்தாயிரம் கோடி உற்பத்தியாகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஆயுள் ஒரு வாரம், பத்து நாள். உட்கரு கிடையாது. இந்தக் கடைசிச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வலி மாத்திரை விஷயத்தில் இது தேவைப்படும்.

இத்தாலியின் டூரின் நகரில் ஜூலியோ பிட்சோசெரோ, உயிருள்ள விலங்கின் நுண்ணிய இரத்தக்குழாயை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, குழாய்ச் சுவர் சேதமான இடத்தில் இந்தத் துணுக்குகள் ஓடிவந்து ஒட்டிக்கொள்வதைக் கண்டார். 1882இல் அதை விரிவாக எழுதினார். அதன்பின் நெடுங்காலம் தட்டணு என்றால் ஓட்டை அடைக்கும் பொருள், அவ்வளவுதான். அது தூதுவனும்கூட என்று தெரிய 1974 ஆக வேண்டியிருந்தது. சியாட்டிலில் ரஸ்ஸல் ராஸும் சகாக்களும் கண்ணாடிப் பாத்திரத்தில் இரத்தக்குழாய்த் தசைச் செல்களை வளர்த்துப் பார்த்தார்கள். உறைந்த இரத்தத்திலிருந்து வடித்த நீரை ஊற்றினால் செல்கள் பெருகின. தட்டணுவை முன்பே அகற்றிவிட்ட பிளாஸ்மாவிலிருந்து எடுத்த நீரை ஊற்றினால் பெருகவில்லை. ஆக, இரத்தம் உறையும்போது தட்டணுக்கள் எதையோ வெளியே கொட்டுகின்றன. அந்த ஏதோ ஒன்று, அக்கம்பக்கத்துச் செல்களைப் பெருகச் சொல்கிறது.

அந்த ஏதோ ஒன்று உண்மையில் ஒரு பட்டாளம். ஒவ்வொரு தட்டணுவுக்குள்ளும் ஐம்பது முதல் எண்பது நுண்பைகள் உண்டு. புதிய இரத்தக்குழாய் முளைக்கச் சொல்லும் புரதம், தோல் செல்லைப் பெருக்கும் புரதம், நார்த்திசு நெய்யச் சொல்லும் புரதம் எல்லாம் அவற்றில் அடைபட்டுக் கிடக்கின்றன. மொத்தத்தில் வளர்ச்சிக் காரணிகள் என்கிறோம். அறுபட்ட திசுவில் வெளியே தெரியும் கொலாஜன் நாரைத் தொட்ட மாத்திரத்தில், வழுவழுப்பான வட்டத் தட்டு கைகால் நீட்டி விரிகிறது, பைகளைக் கொட்டிவிடுகிறது.

இந்தத் தட்டணுக்களைச் செறிவாக்கிக் கொடுத்தால் என்ன என்று முதலில் பரவலாக யோசித்தவர்கள் முடி வைத்தியர்கள் இல்லை, பல் மற்றும் தாடை அறுவை மருத்துவர்கள். அமெரிக்காவில் ராபர்ட் மார்க்ஸ் குழு தாடை எலும்பு ஒட்டுகளில் தட்டணுச் செறிவைக் கலந்து வைத்து, எலும்பு விரைவாக முதிர்வதை 1998இல் காட்டியது. பிரேசிலின் கார்லோஸ் யூபெல், முடி நாற்றுகளை நடும் முன் அந்தத் திரவத்தில் ஊறவைத்துப் பார்த்து 2006இல் நல்ல செய்தி சொன்னார். பிறகு நாற்றே வேண்டாம், இருக்கும் மயிர்க்கால்களுக்கே கொடுத்துப் பார்ப்போம் என்ற துணிச்சல் வந்தது. இன்று சிறு ஊர்களில்கூட அழகுக் கிளினிக் வாசலில் பி.ஆர்.பி. பலகை தொங்குகிறது.

செய்முறை எளிது. கையின் இரத்தக்குழாயிலிருந்து கொஞ்சம் இரத்தம் எடுத்து, உறையாமலிருக்க மருந்து கலந்த குழாயில் பிடித்து, மையவிலக்கு இயந்திரத்தில் சுற்றுவார்கள். கனமான சிவப்பணுக்கள் அடியில் தங்கும். மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா நிற்கும். இரண்டுக்கும் நடுவிலும் அதற்குச் சற்று மேலும் தட்டணுக்கள் திரண்டிருக்கும். அந்தப் பகுதியை உறிஞ்சி, சாதாரண இரத்தத்தைவிடப் பல மடங்கு செறிவாக, நுனி மெல்லிய ஊசியால் தலைத்தோலில் ஒரு செண்டிமீட்டருக்கு ஒன்றாகச் சொட்டுச் சொட்டாகச் செலுத்துவார்கள். மாதம் ஒன்று வீதம் மூன்று நான்கு சிட்டிங் என்பது வழக்கம்.

இனி அந்தத் தாளுக்கு வருவோம்.

'இன்று தலைக்குக் குளிக்க வேண்டாம்' என்பதற்கு, தண்ணீர் பட்டால் மருந்து கழுவிப் போய்விடும் என்று பலரும் பொருள் கொள்கிறார்கள். போகாது. தூண்டப்பட்ட தட்டணு தன் சரக்கில் பெரும்பகுதியை முதல் பத்து நிமிடத்திலேயே கொட்டிவிடுகிறது. ஒரு மணி நேரத்துக்குள் ஏறக்குறைய எல்லாமே வெளியே வந்துவிடும். நீங்கள் ஆட்டோ பிடித்து வீடு சேர்வதற்குள் சொல்ல வேண்டிய செய்தி சொல்லப்பட்டாயிற்று. அதுவும் தோலுக்கு அடியில், ஷவர் எட்டாத ஆழத்தில். குளியலுக்கான தடை, ஊசி போட்ட நூற்றுக்கணக்கான பொத்தல்களுக்காக. அவை மூடிக்கொள்ள ஒரு நாள் கொடுத்துவிட்டால், கிணற்றுத் தண்ணீரோ, வியர்வையோ, நீச்சல்குளத்து நீரோ கிருமியோடு உள்ளே இறங்காது. எண்ணெய் தேய்ப்பதில் இன்னொரு சங்கடம் உண்டு. நம் வீடுகளில் எண்ணெய் வைப்பது என்றால் மேலோட்டமாகத் தடவுவதில்லை. சூடு பறக்கத் தேய்ப்பது. இரத்தம் கட்டிய, தொட்டால் வலிக்கிற தோலுக்கு அது ஆகாது. டையிலும் ப்ளீச்சிங்கிலும் உள்ள இரசாயனங்கள் நல்ல தோலையே சிலருக்கு அரிக்கும். பொத்தல் விழுந்த தோலில் கேட்கவே வேண்டாம். எத்தனை மணி நேரம், எத்தனை நாள் என்பதில் மருத்துவர்க்கு மருத்துவர் கணக்கு மாறும். உங்களுக்கு ஊசி போட்டவர் சொன்னதைக் கேளுங்கள். ஹெல்மெட் போடும் கட்டாயம் இருந்தால் உள்ளே சுத்தமான பருத்தித் துணி விரித்துப் போடலாம். ஊசி வலி தெரியாமலிருக்க நெற்றி நரம்புகளில் மரப்பு மருந்து கொடுத்திருந்தால், உணர்ச்சி திரும்பும்வரை வெந்நீரையும் ஹேர் டிரையரையும் கிட்டே விடாதீர்கள். சுட்டது தெரியாமலே தோல் பொசுங்கிவிடும்.

வலி மாத்திரைக்கு வருகிறேன். தாளில் உள்ள எல்லா வரிகளிலும் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். ஆஸ்பிரின் எப்படி வேலை செய்கிறது என்று 1971இல் கண்டுபிடித்ததற்காக ஜான் வேனுக்கு 1982இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. உடலில் வலியையும் அழற்சியையும் கிளப்பும் பொருள்களைத் தயாரிக்கும் ஒரு நொதியை ஆஸ்பிரின் முடக்குகிறது. முடக்கினால் முடக்கியதுதான், மீட்க முடியாது. மற்ற செல்களுக்கு இது பெரிய இழப்பில்லை. உட்கருவில் மரபணுக் குறிப்பு இருக்கிறது, புதிய நொதி செய்துகொள்ளும். தட்டணுவுக்கு உட்கரு இல்லை என்று சொன்னேனே. அதனால் ஒரே ஒரு ஆஸ்பிரின் மாத்திரையைச் சந்தித்த தட்டணு, சாகும்வரை அந்த நொதி இல்லாமலே காலம் தள்ள வேண்டும். பழையவை மடிந்து புதியவை நிரம்ப ஒரு வாரம், பத்து நாள் ஆகிறது. 'ஊசிக்கு ஒரு வாரம் முன்பிருந்தே ஆஸ்பிரின் வேண்டாம்' என்ற கணக்கு ஒரு தட்டணுவின் ஆயுட்கணக்குதான்.

ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை அவ்வளவு பிடிவாதமில்லை. மருந்து இறங்கியதும் நொதியை விட்டுவிடும். ஆனாலும் அவற்றைத் தவிர்க்கச் சொல்வதற்கு வேறொரு நியாயம் இருக்கிறது. ஊசிக்குப் பிறகு வரும் சிவப்பு, வெதுவெதுப்பு, தொட்டால் வலி ஆகிய மூன்றும் பக்க விளைவு என்று நாம் எரிச்சல்படுகிறோம். அவைதான் கூப்பிட்டதற்குக் கிடைத்த பதில். தட்டணுவின் அழைப்பைக் கேட்டு முதல் நாளில் வெள்ளணுக்கள் வருகின்றன. அடுத்த இரண்டு மூன்று நாளில் பெருவிழுங்கிகள் என்னும் செல்கள் வந்து சேர்ந்து, குப்பை அள்ளிக்கொண்டே அடுத்த கட்ட வேலைகளுக்கு உத்தரவு போடுகின்றன. புதிய நுண்குழாய்கள் அதன் பிறகே முளைக்கும். அழற்சியை அடக்கும் மாத்திரை, கூட்டம் கூடும் முன்பே கலைத்துவிடக்கூடும். பாராசிட்டமால் வலியைக் குறைக்கும். அழற்சியில் பெரிதாகக் கைவைக்காது. அதனால்தான் அதற்கு மட்டும் அனுமதி.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், பக்கவாதம் வந்து மீண்டவர்கள் ஆஸ்பிரினோ குளோபிடோக்ரலோ தினமும் சாப்பிடுவார்கள். முடிக்காக அதைத் தாமாக நிறுத்தவே கூடாது. இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தி உயிரைப் பணயம் வைக்கும் அளவுக்கு எந்த வழுக்கையும் மோசமானதில்லை.

வீக்கம்தான் ஆட்களை அதிகம் பயமுறுத்துவது. தலை உச்சியில் ஊசி போட்டிருப்பார்கள். இரண்டாம் நாள் நெற்றி புடைக்கும், மூன்றாம் நாள் காலையில் கண்ணிமை தடித்திருக்கும். யாரோ அடித்துவிட்டார்களோ என்று அலுவலகத்தில் விசாரிப்பார்கள். இதற்குக் காரணம் தலைத்தோலின் கட்டுமானம். அது ஐந்து அடுக்கு. மேல் மூன்றும் இறுகப் பிணைந்தவை. அவற்றுக்குக் கீழே தளர்வான ஓர் அடுக்கு. அதற்கும் கீழே மண்டையோட்டைப் போர்த்திய மெல்லிய சவ்வு. தலைத்தோலை விரல்களால் பிடித்து முன்னும் பின்னும் அசைக்க முடிவது அந்தத் தளர்வான அடுக்கினால்தான். செலுத்திய திரவமும் கசிந்த நிணநீரும் அந்த அடுக்கில் இறங்கினால் தடையின்றி வழுகிப் போகும். பின்புறமும் பக்கங்களிலும் எலும்போடு பிணைப்பு உண்டு, அந்தப் பக்கம் போக வழியில்லை. முன்புறம் மட்டும் திறந்த வாசல்: நெற்றித் தசை எலும்பில் ஒட்டாமல் புருவத்தின் தோலில் போய் முடிகிறது. ஆகவே திரவம் புவியீர்ப்புக்குப் பணிந்து இமைவரை வந்து நிற்கிறது. இரண்டு மூன்று இரவு தலையணையை உயர்த்தி வைத்துப் படுத்தால் வீக்கம் தானாக வற்றும். துணியில் சுற்றிய குளிர் ஒத்தடம் நெற்றிக்குக் கொடுக்கலாம். தலைத்தோலின் இரத்தக்குழாய்கள் அடர்நாரில் பிணைந்திருப்பதால் அறுபட்டால் சுருங்காது. சிறு குத்துக்கும் இரத்தம் தாராளமாக வரும். அதே இரத்த வளம் காயத்தைச் சீக்கிரம் ஆற்றியும் விடுகிறது. தலைக் காயம் ஆர்ப்பாட்டமாக இரத்தம் கொட்டிவிட்டு நாலு நாளில் காய்வதைப் பார்த்திருப்பீர்கள்.

வீக்கம் நாளுக்கு நாள் வற்ற வேண்டும். வற்றாமல் கூடினால், ஓரிடம் மட்டும் சிவந்து பரவினால், சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால் அது ஆறும் அழற்சி இல்லை, தொற்று. இணையத்தில் தேடிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

இத்தனைக்கும் நடுவே ஒரு குறும்பான கேள்வி எழுகிறது. வேலை செய்வது பிளாஸ்மாவா, ஊசியா? மும்பையில் ரசிதா துரத் என்பவரும் சகாக்களும் 2013இல் நூறு ஆண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்கு முடி வளரத் தடவும் மருந்தான மினாக்ஸிடில் மட்டும், மறு சாராருக்கு மினாக்ஸிடிலோடு வாராவாரம் நுண்ணூசி உருளையால் தலையில் குத்தல் என்று கொடுத்தார்கள். பிளாஸ்மா கிடையாது, வெறும் குத்தல். 12 வாரத்தில் குத்தப்பட்டவர்களுக்கே முடி மிகக் கூடுதலாக வளர்ந்திருந்தது. 2015இல் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் செங்மிங் சுவாங் குழு செய்தது இன்னும் விந்தை. எலியின் முதுகில் ஒரு குறிப்பிட்ட நெருக்கத்தில் 200 முடிகளைப் பிடுங்கினார்கள்; பிடுங்காத அண்டை மயிர்க்கால்களும் சேர்ந்து விழித்துக்கொண்டு 1,200 வரை முளைத்தன. நெருக்கம் குறைவாகப் பரவலாகப் பிடுங்கினால் ஒன்றும் நடக்கவில்லை. அடிபட்ட மயிர்க்கால்கள் தனித்தனியே முனகுகின்றன. முனகல் ஒரு அளவைத் தாண்டினால்தான் பெருவிழுங்கிகள் வந்து ஊரையே எழுப்புகின்றன. எலியின் கதை எலிக்குத்தான். யாரும் தலைமுடியைப் பிடுங்கிப் பரிசோதிக்க வேண்டாம். ஆனால் காயமும் முடி வளர்ச்சியும் ஒரே மொழியில் பேசிக்கொள்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

தாளில் பெரும்பாலும் எழுதாமல் விடப்படும் பத்தியம் ஒன்று இருக்கிறது. காத்திருத்தல்.

பல விலங்குகளுக்கு முடி பருவம் பார்த்து மொத்தமாக உதிரும். மனிதத் தலை அப்படியில்லை. தென்னந்தோப்பில் மரத்துக்கு மரம் வேறு வேறு நாளில் மட்டை கழலுவது போல, தலையில் உள்ள சுமார் ஒரு லட்சம் மயிர்க்கால்களும் ஆளுக்கொரு நாள்காட்டி வைத்திருக்கின்றன. இரண்டு முதல் ஆறு ஆண்டு வளர்ச்சி. இரண்டு மூன்று வாரம் சுருக்கம். சுமார் மூன்று மாதம் ஓய்வு. பிறகு புது முடி. பரம்பரை வழுக்கையில், டெஸ்டோஸ்டிரோனிலிருந்து பிறக்கும் ஒரு ஹார்மோன் வளர்ச்சிக் காலத்தைச் சுற்றுக்குச் சுற்று குறைத்து, மயிர்க்காலையும் குறுக்கிவிடுகிறது. தடித்த முடி பூனைமுடியாகிறது. பி.ஆர்.பி. செய்ய முயல்வது, ஓய்வில் கிடப்பதைத் தட்டி எழுப்புவதும் வளர்வதை வளர்ச்சியிலேயே பிடித்து நிறுத்துவதும். கொரிய ஆய்வாளர்கள் 2012இல் எலிகளில் இதைக் காட்டினார்கள். எழுப்பப்பட்ட மயிர்க்கால் நாலு மில்லிமீட்டர் ஆழத்திலிருந்து புது முடியைத் தள்ள வேண்டும். தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு செண்டிமீட்டர்தான் வளரும். ஆகவே மூன்று மாதத்துக்கு முன் கண்ணாடியில் எதையும் தேடாதீர்கள். சொல்லப்போனால் முதல் சில வாரங்களில் சிலருக்கு உதிர்வு கூடும். கீழிருந்து வரும் புதியது, ஓய்விலிருந்த பழைய முடியை வெளியேற்றுகிறது. அந்தக் கட்டத்தில் பயந்து பாதியில் நிறுத்துகிறவர்கள் உண்டு.

ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில், ஈரமில்லாத தலையோடு மாதம் ஒரு படம் எடுத்து வையுங்கள். நினைவு இந்த விஷயத்தில் மோசமான சாட்சி. மினாக்ஸிடில் தடவிக்கொண்டிருந்தால் ஓரிரு நாள் இடைவெளிக்குப் பின் தொடருங்கள், வழுக்கைக்குக் காரணமான ஹார்மோனைப் பி.ஆர்.பி. தடுப்பதில்லை, அதனால் தினசரி மருந்துக்கு அது மாற்றாகாது. மொட்டை போட்டால் அடர்த்தியாக முளைக்கும் என்று சித்தி சொன்னால் சிரித்து வையுங்கள். கத்தி போகும் ஆழத்துக்கும் மயிர்க்காலின் ஆழத்துக்கும் சம்பந்தமில்லை.

பலன்? உண்டு, அளவாக. ரோமில் செய்யப்பட்டு 2015இல் வெளிவந்த ஆய்வில், தலையின் ஒரு பாதிக்குப் பி.ஆர்.பி., மறு பாதிக்கு உப்புநீர் என்று ஒரே ஆளிடம் ஒப்பிட்டார்கள். பி.ஆர்.பி. பக்கம் முடி தெளிவாகக் கூடியது. ஆனால் சிலருக்கு ஓராண்டுக்குப் பிறகு மறுபடி உதிரத் தொடங்கியது. முடி மெலிந்துவரும் தலைக்கு உதவலாம். வழவழவென்று பளபளக்கும் இடத்தில் எழுப்ப ஆள் இல்லை. எத்தனை மடங்கு செறிவு, எத்தனை முறை, தட்டணுவை முன்கூட்டியே தூண்டுவதா வேண்டாமா என்பதில் கிளினிக்குக்குக் கிளினிக் வழி வேறு. டெங்கு, டைபாய்டு போன்ற கடும் காய்ச்சலுக்குப் பின் இரண்டு மூன்று மாதத்தில் கொத்துக் கொத்தாக உதிர்ந்தால் அது வேறு சங்கதி. காய்ச்சலின் அதிர்ச்சியில் ஏராளமான மயிர்க்கால்கள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போயிருக்கும். பெரும்பாலும் சில மாதங்களில் தாமாகவே திரும்பும். அந்த நேரத்தில் பி.ஆர்.பி. போட்டுக்கொண்டால் தானாக வந்த முடிக்குப் பாராட்டு ஊசிக்குப் போய்ச் சேரும். பணமும்தான்.

பின்பராமரிப்பைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு முன்னே நடப்பதைச் சொல்லாமல் விட முடியாது. சொந்த இரத்தம் என்பதால் ஒவ்வாமை அபூர்வம். ஆனால் அது சொந்த இரத்தமாகவே இருக்க வேண்டும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உரிமமில்லாத ஓர் அழகு நிலையத்தில் முகத்துக்கு இதே பிளாஸ்மா ஊசி போட்டுக்கொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியது 2018இல் தெரியவந்தது. சிரிஞ்சும் குழாயும் உங்கள் கண் முன்னே உறை பிரிக்கப்பட வேண்டும். உங்கள் பெயர் எழுதிய குழாய் உங்களிடமே திரும்ப வேண்டும். ஊசி போடுபவர் பதிவு பெற்ற மருத்துவராக இருக்க வேண்டும். இரும்புச்சத்து, தைராய்டு, தட்டணு எண்ணிக்கை ஆகியவற்றைப் பார்க்காமலே முதல் சந்திப்பில் ஆறு சிட்டிங்குக்குச் சேர்த்துப் பணம் கட்டச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மூன்று சிட்டிங் முடிந்து ஆறு மாதம் ஆகியும் படங்களில் மாற்றம் தெரியாவிட்டால், நான்காவதற்குப் பணம் கட்ட வேண்டாம்.